பத்திரத்தில் 2400, தரையில் எவ்வளவு?

வீடு, மனை: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வாங்கப் போகிற வீட்டை அளக்கணுமா, யாரை வைத்து அளப்பது, அளந்து என்ன தெரியப்போகிறது? முப்பது வருஷம் சங்கிலியும் டேப்பும் பிடித்தவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாம்பரம் பக்கம் 22 வருஷப் பழைய தனி வீடு ஒன்று பார்த்திருக்கிறோம். பத்திரத்தில் 40-க்கு 60, ஒரு கிரவுண்டு. வக்கீல் முப்பது வருஷ வில்லங்கம் பார்த்து ஒப்பீனியன் கொடுத்துவிட்டார். பேங்க் இன்ஜினியரும் வந்து பார்த்துவிட்டார், லோன் ஓகே. இதற்கு மேல் சர்வேயர் எதற்கு? புரோக்கர், "அதெல்லாம் காலி மனைக்குத்தாங்க, நாலு பக்கமும் காம்பவுண்டு இருக்கே" என்கிறார். என் வீட்டுக்காரரும் அவர் கட்சி. (வாசகி, தாம்பரம்)

உங்கள் வீட்டுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள் அம்மா. இதுவரை வந்துபோனவர்களில் யாராவது டேப்பை விரித்தார்களா?

வக்கீல் பார்த்தது காகிதம். யார் யாருக்கு விற்றார், நடுவில் அடமானம் உண்டா, வாரிசு யாரும் விட்டுப்போயிருக்கிறார்களா என்பதெல்லாம் அவர் வேலை, அதைச் சரியாகத்தான் செய்திருப்பார். ஆனால் 40 அடி என்று எழுதிய இடத்தில் 40 அடி இருக்கிறதா என்பது எந்த வில்லங்கச் சான்றிலும் வராது. பேங்க் இன்ஜினியர் வந்தது பேங்குக்காக. 60 லட்சம் வீட்டுக்கு 45 லட்சம் கடன் கொடுக்கிறவர்களுக்கு, மனையில் 200 சதுர அடி குறைந்தாலும் கடனுக்கு ஈடு இருக்கிறது, அவர்கள் நிம்மதியாகத் தூங்கலாம். குறைகிற 200 சதுர அடி உங்கள் கைக்காசில்தான் போகும்.

அடுத்து அந்தக் காம்பவுண்டு. காம்பவுண்டு சுவர் எல்லை ஆகாது. யாரோ ஒருவர் கொத்தனாரைக் கூப்பிட்டு, "இந்த மரத்திலிருந்து நேரா இழுத்துடுப்பா" என்று சொன்னதன் விளைவு அது. எல்லையைச் சொல்வது சர்வே கல். நான் ஒருமுறை ஒரு வீட்டை அளக்கப் போனபோது பின்பக்கச் சுவரோரம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து நின்றுகொண்டு, "தம்பி, சுவரு எங்களுது, ஆனா மண்ணு அவங்களுது" என்று சாதாரணமாகச் சொன்னார். அளந்து பார்த்தால் அப்படியே இருந்தது. முன்பக்கம் 40 அடி சரி, பின்பக்கம் 38 அடி 9 அங்குலம். விற்கிறவருக்கே அது தெரியாது, அவரும் அப்படியே வாங்கியவர்தான்.

நாலு பக்கமும் அளந்து சரியாக வந்தால்கூட முடிந்தது என்று நினைக்காதீர்கள். 40-க்கு 60 என்றால் மூலைக்கு மூலை 72 அடி 1 அங்குலம் சொச்சம் வரணும், இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இருக்கணும். ஒன்று 77 அடி 8 அங்குலம், இன்னொன்று 66 அடி என்று வந்தால் மனை சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பக்க அளவெல்லாம் பத்திரப்படியே இருக்கும், பரப்பு மட்டும் 36 சதுர அடி குறைந்திருக்கும். பரப்புக் குறைவைவிட, நாளைக்கு இடித்துக் கட்டும்போது பக்கவாட்டில் இடம் விடுகிற கணக்கு உதைக்கும், அதுதான் பெரிய தொல்லை.

சர்வேயரைக் கூப்பிடுவதற்கு முன்னால் இன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. விற்பவரின் பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருக்கும். ஒரு ஏர்ஸ் 100 சதுர மீட்டர், ஒரு சதுர மீட்டர் 10.764 சதுர அடி. 2400 சதுர அடிக்கு 2.23 ஏர்ஸ் வரணும். பட்டாவில் 0-02.05 என்று இருந்தால் அது 2.05 ஏர்ஸ், 205 சதுர மீட்டர், அதாவது 2207 சதுர அடி. பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் நடுவில் 193 சதுர அடியைக் காணோம்! இது உட்பிரிவு செய்தபோது வந்த குறையா, ரோட்டுக்கு விட்ட இடமா, 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்து யூடிஆர் பட்டா போட்டபோது ஏறிய பிழையா என்று கேள்வி கேட்க ஆரம்பிக்கலாம். நிறைய பேர் பட்டாவில் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள்.

பத்திரத்தில் எல்லை விவரத்தையும் நீங்களே ஒருமுறை படியுங்கள். "இன்னார் மனைக்குத் தெற்கு" என்று எழுதியிருந்தால் அந்த இன்னாரின் மனைக்குத் தெற்கே உங்கள் மனை இருக்கிறது என்று பொருள், அதாவது அவர் உங்களுக்கு வடக்கே. இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பக்கத்து மனையைக் காட்டிய புரோக்கர்கள் உண்டு. அளவும் எல்லையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் கோர்ட்டில் பொதுவாக எல்லை விவரத்துக்குத்தான் மதிப்பு அதிகம், 'ஜாதியடி 40' என்று அளவு கொட்டை எழுத்தில் இருந்தாலும் சரி.

செலவு என்று சொன்னால், தனியார் சர்வேயருக்கு சில ஆயிரம் ஆகும். முத்திரைத்தாளுக்கும் பதிவுக்கும் சேர்த்து 9 சதவீதம், 60 லட்சத்துக்கு 5 லட்சத்து 40 ஆயிரம் கட்டப்போகிறீர்கள். அந்தப் பணத்தைக் கட்டும்போது உங்கள் வீட்டுக்காரர் எதற்கு என்று கேட்கமாட்டார், கேட்கவும் முடியாது.

சர்வேயர் என்றால் தாலுகா ஆபீஸ் சர்வேயரா, தனியாரா? வாங்குகிற நானே மனு கொடுக்கலாமா? (வாசகர், திருச்சி)

அரசு சர்வேயர் அளக்க, பட்டாதாரர்தான் மனு கொடுக்கணும். நீங்கள் இன்னும் வாங்கவில்லையே, அதனால் விற்பவர் பெயரில்தான் போகணும். இப்போது தாலுகா ஆபீசுக்கு நடக்காமல் 'தமிழ் நிலம்' இணையதளத்திலேயே மனுப் போட்டுக் கட்டணமும் கட்டிவிடலாம். அக்கம்பக்கத்து நிலக்காரர்களுக்கு நோட்டீஸ் போகும், அவர்கள் முன்னிலையில் அளப்பார்கள், கல்லைக் காட்டிக் கொடுப்பார்கள். இதன் பலமே அந்த நோட்டீஸ்தான். பிற்பாடு "எனக்குத் தெரியாமல் அளந்தார்கள்" என்று யாரும் கிளம்ப முடியாது. என்ன, நாளாகும்.

உரிமம் பெற்ற தனியார் சர்வேயர் நீங்கள் சொன்ன நாளில் வருவார், டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவுக் கருவியை வைத்து அரை நாளில் அளந்து வரைபடம் கொடுத்துவிடுவார். அது உங்கள் தெளிவுக்கு. அதை வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் சண்டைக்குப் போக முடியாது.

நான் சொல்கிற வழி, முதலில் தனியாரை வைத்து அளப்பது. அரை அடி, ஒரு அடி என்று வித்தியாசம் தட்டினால் விற்பவரை அரசு அளவுக்கு மனுப் போடச் சொல்வது. தனியார் வரும்போது கையில் எஃப்.எம்.பி. இருக்கிறதா என்று பாருங்கள். புல வரைபடம் என்கிறோமே, அதுதான். அதில் ஒவ்வொரு பக்கத்து நீளமும் எழுதியிருக்கும், பெரும்பாலும் மீட்டரில், சில பழைய படங்களில் லிங்க்கில். நூறு லிங்க் ஒரு சங்கிலி, 66 அடி. இந்தப் படம் இல்லாமல் காம்பவுண்டுக்குள்ளேயே டேப்பைப் பிடித்துவிட்டு, "2400 கரெக்ட்டா இருக்குங்க" என்கிறவர் சுவரை அளந்திருக்கிறார், மனையை அளக்கவில்லை. சர்வே எண்ணின் மூலைக்கல்லைத் தேடிப்பிடித்து அங்கிருந்து உங்கள் உட்பிரிவுக்கு வரணும். கல் மண்ணுக்குள் போயிருக்கும், சில இடத்தில் மேலே ரோடே போட்டிருப்பார்கள், அப்போது பக்கத்து சர்வே எண்ணின் கல்லைப் பிடித்து வரவேண்டும். நல்ல சர்வேயர் வந்ததும் கடப்பாரை கேட்பார்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பட்டா கூட்டுப் பட்டாவாக இருந்தால் எஃப்.எம்.பி.யில் உங்கள் மனைக்கென்று தனிக் கோடே இருக்காது, பத்து பேருக்கும் சேர்த்து ஒரே கட்டமாக இருக்கும். அப்போது சர்வேயரால் வெளி எல்லையைத்தான் உறுதி செய்ய முடியும். உள்ளே எது உங்களது என்பதற்கு அங்கீகாரம் பெற்ற லேஅவுட் படம் வேண்டும். அதுவும் இல்லையென்றால் விற்பவரைத் தனிப்பட்டா வாங்கித் தரச் சொல்லுங்கள். அவசரம் அவருக்குத்தானே.

படத்தைக் கையில் வாங்கியதும் வாய்க்கால், ஓடை எதுவும் மனையைத் தொட்டுக்கொண்டு போகிறதா என்று பாருங்கள். தரையில் இன்றைக்கு வாய்க்காலே இல்லாமல் இருக்கலாம், படத்தில் இருக்கும். எந்த சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்கிற அ-பதிவேட்டையும் எடுத்துப் பாருங்கள், இணையத்திலேயே கிடைக்கிறது. நீர்நிலைப் புறம்போக்கு என்று அரை சென்ட் உள்ளே இருந்தாலும் அந்த வீட்டை விட்டுவிட்டு வேறு பார்ப்பது நல்லது.

என் மகள் இங்கிலாந்தில் வீடு வாங்குகிறாள். 'சர்வே' செய்யச் சொல்கிறார்களாம். அங்கேயும் நிலத்தை அளப்பார்களா? (வாசகர், நாகர்கோவில்)

இல்லை, அங்கே வீடு வாங்கும்போது சர்வே என்றால் கட்டடப் பரிசோதனை. கூரை, ஓதம், விரிசல், வயரிங்கின் நிலை எல்லாம் பார்த்து அறிக்கை தருவார்கள். ஆர்.ஐ.சி.எஸ். என்ற சர்வேயர் அமைப்பு அதை மூன்று நிலையாக வைத்திருக்கிறது. பழைய வீடு, மாற்றிக் கட்டிய வீடு என்றால் மூன்றாம் நிலைதான் சரி. பேங்க் செய்யும் வேல்யுவேஷனை சர்வே என்று நினைத்து ஏமாறுகிற ஆட்கள் அங்கேயும் நிறைய, அதனால் மகளிடம் அதைச் சொல்லிவையுங்கள். ஒப்பந்தம் கைமாறும் வரை விலையைக் குறைத்துப் பேசலாம், விலகவும் செய்யலாம், ஆகவே அறிக்கை அதற்கு முன்னால் வந்துவிட வேண்டும். ஸ்காட்லாந்து என்றால் கதை வேறு. அங்கே வீட்டின் நிலையைச் சொல்கிற ஹோம் ரிப்போர்ட்டை விற்பவரே கொடுக்கணும்.

நம் ஊரில் நிலத்தையாவது நாலு பேரில் ஒருவர் அளக்கிறார். கட்டடத்தைப் பார்க்க ஆள் கூட்டிப் போகிறவரை நான் அதிகம் பார்த்ததில்லை. பழைய டூவீலர் வாங்க மெக்கானிக்கைக் கூட்டிப் போகிறோம்.

கோவையில் 15 வருஷ வீடு. புதிதாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருக்கிறது. கட்டடத்தில் என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், கோவை)

அந்தப் பெயின்டைத்தான் முதலில் பார்க்கணும் தம்பி! விற்பதற்கு முன்னால் எல்லாரும் பெயின்ட் அடிப்பார்கள், தப்பில்லை. ஆனால் ஹாலில் தரையிலிருந்து மூன்று அடிக்கு மட்டும் புதிதாக டைல்ஸ் ஒட்டியிருக்கிறதா? ஹாலில் யாரும் அழகுக்காக அப்படி ஒட்டுவதில்லை. அந்த மூன்று அடிக்கும் ஓதம் ஏறியிருக்கும், பூச்சு உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும், அதை மூடியிருப்பார்கள். அலமாரிக்குள்ளே, மாடிப்படிக்கு அடியில், மீட்டர் பெட்டிக்குப் பின்னால் பெயின்டரின் கை போயிருக்காது, அங்கே டார்ச் அடித்துப் பாருங்கள்.

கோவையில் பல இடம் கரிசல். மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும் மண். அஸ்திவாரம் அதற்கேற்றபடி போடாவிட்டால் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும், செங்கல் வரிசையைப் பிடித்துப் படிப்படியாக ஏறும். பூச்சில் தலைமுடி மாதிரி இருக்கிற கோடுகளுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு ரூபாய்க் காசின் விளிம்பு நுழைகிற அளவு இருந்தால், அல்லது உள்ளே தெரிகிற விரிசல் அதே இடத்தில் வெளிச்சுவரிலும் தெரிந்தால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் கிணறு இருந்ததா என்று தெருவில் வயதானவர்களிடம் கேளுங்கள். மூடிய கிணற்றின் மேல் விழுந்த அறை தனியாக இறங்கும்.

மொட்டைமாடிக்கு ஏறி, தண்ணீர் டேங்குக்கு நேர் கீழே இருக்கிற சீலிங்கைப் போய்ப் பாருங்கள். காங்கிரீட் பிதுங்கிப் பழுப்புக் கறை தெரிந்தால் உள்ளே கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. அந்த இடத்தை மறைத்து பால்ஸ் சீலிங் போட்டிருந்தால் ஒரு லைட்டைக் கழற்றி ஓட்டை வழியாகப் பார்க்கக் கேளுங்கள், விடமாட்டேன் என்றால் அதுவே பதில். இன்ஜினியர் ரீபவுண்ட் ஹாம்மர் வைத்துத் தட்டி காங்கிரீட்டின் பலத்தைத் தோராயமாகச் சொல்வார், உடைக்கத் தேவையில்லை. அங்கீகார பிளானையும் கையில் கொடுத்து, அதில் உள்ளபடிதான் கட்டியிருக்கிறதா, பிளானில் இல்லாத மாடி ஏதாவது நிற்கிறதா என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

சென்னைக்காரர்களுக்கு இதோடு ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுப் பல தெருவில் வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிறார்களே, அதற்குக் காரணம் இதுதான். வாசற்படி ரோட்டுக்கு மேலேயா கீழேயா என்று பாருங்கள், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது என்று தெருமுனை மளிகைக் கடையில் கேளுங்கள். கடைக்காரருக்கு விற்பனையில் பங்கு இல்லை என்றால் உண்மை வரும்.

கும்பகோணம் பக்கம் பூர்வீக வீட்டோடு சேர்ந்த மனை. மூலப்பத்திரத்தில் 'குழி 25' என்று மட்டும் இருக்கிறது. எத்தனை சதுர அடி? (வாசகி, கும்பகோணம்)

தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி. 25 குழி 3600 சதுர அடி, எட்டேகால் சென்ட். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஆனால் குழி ஊருக்கு ஊர் மாறும், அதனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பி விலை பேச வேண்டாம். பட்டாவில் உள்ள ஏர்ஸையும் நாலு எல்லையையும் வைத்துச் சரிபாருங்கள். அங்கேயெல்லாம் வீடு கிராம நத்தத்திலும் (குடியிருப்புக்கென்று ஒதுக்கிய நிலம்) கொல்லை வேறு சர்வே எண்ணிலும் இருப்பது சகஜம், இரண்டையும் தனித்தனியாக அளக்கணும்.

பழைய அபார்ட்மென்டில் பிளாட் வாங்குகிறேன். அதற்கும் சர்வே தேவையா? (வாசகர், வேளச்சேரி)

சுவருக்குச் சுவர் உள்ளளவை நீங்களே டேப்பில் அளந்துவிடலாம். கேட்க வேண்டியது யூ.டி.எஸ்., அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. நாலு கிரவுண்டில், 9600 சதுர அடியில், 16 வீடு என்றால் எல்லார் பத்திரத்திலும் உள்ள பங்கைக் கூட்டினால் 9600 வரணும். கூடுதலாக வந்தால் இல்லாத மண்ணை யாருக்கோ விற்றிருக்கிறார்கள். முன்பக்கம் ரோட்டுக்கு எழுதிக் கொடுத்த இடத்தைக் கழித்தார்களா என்றும் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022-ம் வருஷ அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் வந்த பிறகு பழைய பிளாட்டில் நிஜமான சொத்தே இந்தப் பங்குதான். புதுசாக பில்டரிடம் வாங்குகிறவர்களுக்கு, ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி கட்டுமானக் குறைக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷம் பில்டர் பொறுப்பு. நீங்கள் பழைய வீட்டை வேறொருவரிடம் வாங்குவதால் அந்த வசதி கிடையாது, கட்டடத்தையும் ஒரு இன்ஜினியரை விட்டுப் பார்த்துவிடுங்கள்.

அளக்காமல் வாங்கிவிட்டேன் சார். இப்போது அளந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் 60 அடி நீளத்துக்கும் ஒன்றரை அடி என் மனைக்குள் இருக்கிறது. இடித்துவிடலாமா? (வாசகர், மதுரை)

கடப்பாரையைக் கீழே போடுங்கள். இடித்தால் போலீஸ் கேஸில் நீங்கள்தான் முதல் பெயர். 90 சதுர அடி போவது வலிக்கும்தான், ஆனால் இப்போது கேட்க வேண்டியது அந்தச் சுவர் எத்தனை வருஷமாக நிற்கிறது என்பது. 12 வருஷத்துக்கு மேல் அவர் தன்னுடையதாகவே வெளிப்படையாக அனுபவித்து வந்திருந்தால் அனுபவ பாத்தியதை என்று வாதாடுவார், அது சில சமயம் நிற்கும். 12-க்குள் என்றால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் அரசு அளவுக்கு மனு. அவருக்கும் நோட்டீஸ் போய் அவர் கண் முன்னால் கல் ஊன்றினால் பாதி வழக்குகள் அங்கேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடும். இன்னொரு பக்கம் அவர் இடம் உங்களிடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சுவர் கோணலாகப் போகிற இடத்தில் அப்படி நிறைய நடக்கும். இருந்தால் பரிவர்த்தனைப் பத்திரம் போட்டு முடித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு தொகை வாங்கிக்கொண்டு அந்தத் துண்டை அவருக்கே எழுதிக் கொடுத்துவிடலாம். விற்றவருக்கு முன்பே தெரிந்து மறைத்திருந்தால் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 55-வது பிரிவைக் காட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், ஆனால் தெரிந்து மறைத்தார் என்பதை நிரூபிக்கணும்.

"அளக்கிறதுன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன், அட்வான்ஸ் போட ரெண்டு பார்ட்டி ரெடியா இருக்கு" என்கிறார் விற்பவர். நல்ல வீடு, விட மனசில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, சேலம்)

அவர் பயப்படுவது அளவுக்கா, நாள் இழுக்கும் என்பதற்கா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள் அம்மா. நாள்தான் பிரச்சினை என்றால் சிறு தொகை டோக்கன் கொடுத்து, பத்து நாளில் அளந்துவிடுகிறோம், அளந்து வருகிற பரப்புக்குத்தான் விலை, குறைந்தால் சதுர அடிக்கு இவ்வளவு கழிக்கப்படும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். 'சற்றேறக்குறைய' என்ற வார்த்தையை அவர் வக்கீல் நுழைப்பார், அடித்துவிடுங்கள். இதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்த இரண்டு பார்ட்டியே வாங்கிக்கொள்ளட்டும்.